'கான் க்ரட்'னா என்ன? காய்ச்சலோடு வெளியூர் காமிக் கான் போகலாமா? முழு விளக்கம்

வெள்ளிக்கிழமை ராத்திரி. பெங்களூரு ரயிலுக்கு இன்னும் 5 மணி நேரம்தான் இருக்கு. இரண்டு மாசமா ராத்திரி கண்ணு முழிச்சு செஞ்ச காஸ்ப்ளே கவசம் பைக்குள்ள ரெடி. டிக்கெட் போட்டாச்சு, ரூம் புக் பண்ணியாச்சு, நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் கவுண்ட்டவுன் ஓடிக்கிட்டு இருக்கு. அந்த நேரம் பார்த்து தொண்டை கரகரன்னு இருக்கு. உடம்பு லேசா சுடுற மாதிரியும் இருக்கு.

'ஒரு மாத்திரையைப் போட்டுட்டு கிளம்பிடலாம்' என்றுதான் பெரும்பாலானவர்களுக்கு முதலில் தோன்றும். அது சரியான முடிவா? காமிக் கான் போய்விட்டு வருபவர்கள் அடுத்த வாரம் மொத்தமாகப் படுத்துவிடுவது ஏன்? உலக ரசிகர்கள் இதற்கு 'கான் க்ரட்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். விவரமாகப் பார்க்கலாம்.

காமிக் கான் என்றால் என்ன?

'கான்' என்பது 'கன்வென்ஷன்' என்ற சொல்லின் சுருக்கம். காமிக்ஸ், அனிமே, சூப்பர் ஹீரோ படங்கள், வீடியோ கேம் ஆகியவற்றின் ரசிகர்கள் ஒரே இடத்தில் கூடும் திருவிழா. அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் 1970 ஆகஸ்ட் மாதம் ஒரு ஹோட்டலில் 3 நாள் நடந்த கூட்டத்துக்கு வந்தவர்கள் சுமார் 300 பேர். இன்று அதே சான் டியாகோ காமிக் கானுக்கு ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வருகிறார்கள்.

இந்தியாவில் முதல் காமிக் கான் 2011-ல் டெல்லியில் நடந்தது. பிறகு மும்பை, பெங்களூரு, ஹைதராபாத் என்று பரவியது. சென்னைக்கு வந்தது 2024 பிப்ரவரியில்தான். நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்த அந்த நிகழ்வுக்கு முன்புவரை, தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு காமிக் கான் என்றாலே பெங்களூரு பயணம்தான். 1972-ல் தொடங்கிய முத்து காமிக்ஸையும் 1984-ல் வந்த லயன் காமிக்ஸையும் படித்து வளர்ந்த ஒரு தலைமுறை இங்கே உண்டு. அவர்களின் பிள்ளைகள் இப்போது அனிமே டி-ஷர்ட்டோடு ரயில் ஏறுகிறார்கள். சென்னையில் நடந்தாலும் மதுரை, கோவை, நெல்லைக்காரர்களுக்கு அது வெளியூர்தான்.

'கான் க்ரட்' என்றால் என்ன?

இது மருத்துவப் புத்தகத்தில் இருக்கும் நோயின் பெயர் கிடையாது. கான் முடிந்து இரண்டு மூன்று நாளில் வரும் சளி, இருமல், தொண்டை வலி, காய்ச்சல், அடித்துப் போட்ட மாதிரி உடம்பு வலி, சில சமயம் வாந்தி, வயிற்றுப்போக்கு என எல்லாவற்றுக்கும் சேர்த்து ரசிகர்கள் வைத்த செல்லப் பெயர். 'கான் ஃப்ளூ' என்றும் சொல்வார்கள்.

பின்னணியில் இருப்பது பெரும்பாலும் சாதாரண சளி வைரஸ், இன்ஃப்ளூயன்ஸா, கொரோனா, வயிற்றைக் கலக்கும் நோரோவைரஸ் போன்றவை. அதாவது 'கான்' என்பதற்காகத் தனியாக ஒரு கிருமி இல்லை. நம்ம ஊர் பஸ்ஸிலும் பள்ளிக்கூடத்திலும் பரவும் அதே கிருமிகள்தான். ஆனால் அவற்றுக்கு இவ்வளவு வசதியான இடம் வேறு கிடைப்பது கஷ்டம்.

அங்கே மட்டும் ஏன் இப்படி?

காரணம் ஒன்றல்ல, பல காரணங்கள் ஒன்றாகச் சேர்கின்றன.

முதலாவது, கூட்டம். பல ஊர்களிலிருந்து வரும் ஆயிரக்கணக்கானவர்கள் மூடிய அரங்கத்துக்குள் நாள் முழுக்க இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தங்கள் ஊரில் சுற்றும் கிருமியையும் கூடவே கொண்டு வருகிறார்கள்.

இரண்டாவது, சத்தம். மேடையில் இசை, பக்கத்தில் கேமிங் ஸ்டால், எங்கும் கூச்சல். அருகில் நிற்பவரிடம் பேசவே கத்த வேண்டும். சாதாரணமாகப் பேசுவதைவிட சத்தமாகப் பேசும்போது வாயிலிருந்து வெளிவரும் நுண்துளிகள் அதிகம். கேட்பவரும் காதைக் கிட்டே கொண்டு வருவார். தொற்றுக்கு இது போதும்.

மூன்றாவது, தூக்கம். வெளியூர் பயணம் என்றால் ராத்திரி ரயில், ஒரே ரூமில் நாலைந்து பேர், விடிய விடிய அரட்டை. 2015-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 164 பேரின் தூக்கத்தை ஒரு வாரம் அளந்துவிட்டு, அவர்கள் மூக்கில் சளி வைரஸ் கலந்த சொட்டு மருந்தை விட்டார்கள். 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களோடு ஒப்பிட்டால், 6 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்கு சளி பிடிக்கும் வாய்ப்பு 4 மடங்குக்கும் அதிகமாக இருந்தது. 'கண்ணு முழிச்சா உடம்புக்கு ஆகாது' என்று வீட்டில் பாட்டி சொல்வதற்குக் கிடைத்த ஆதாரம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

நான்காவது, சாப்பாடும் தண்ணீரும். வரிசையை விட்டால் இடம் போய்விடும் என்று பலர் சாப்பிடாமலே நிற்பார்கள். கனமான காஸ்ப்ளே போட்டவர்கள் பாத்ரூம் போவது கஷ்டம் என்று தண்ணீரே குடிக்க மாட்டார்கள்.

ஐந்தாவது, கை. விஆர் கண்ணாடி, கேமிங் கன்ட்ரோலர், புரட்டிப் பார்க்கும் புத்தகம், ஆயிரம் பேர் பிடித்துப் படம் எடுத்துக்கொண்ட பிளாஸ்டிக் வாள். அதே கையால்தான் கண்ணைத் துடைக்கிறோம், சமோசாவும் சாப்பிடுகிறோம்.

சியாட்டில் 2009: ஒரு கேமிங் திருவிழாவும் பன்றிக் காய்ச்சலும்

'பென்னி ஆர்கேட்' என்பது அமெரிக்காவின் புகழ்பெற்ற இணைய காமிக்ஸ். அதை உருவாக்கியவர்கள் தொடங்கிய கேமிங் திருவிழாவின் பெயர் 'பாக்ஸ்'. 2009 செப்டம்பரில் சியாட்டில் நகரில் நடந்த பாக்ஸுக்கு 60 ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். எச்1என்1 என்ற பன்றிக் காய்ச்சலை உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்றாக அறிவித்து 3 மாதம்கூட ஆகாத நேரம் அது. தடுப்பூசியும் மக்களிடம் வந்து சேரவில்லை.

விழா முடிந்த சில நாளில் ஒவ்வொருவராகக் காய்ச்சலில் விழ ஆரம்பித்தார்கள். ஏற்பாட்டாளர்களிடம் தகவல் சொன்னவர்களின் எண்ணிக்கை சுமார் 100-ஐத் தொட்டது. ஏற்பாட்டாளர்கள் விஷயத்தை மூடி மறைக்கவில்லை. தங்கள் தளத்திலேயே அறிவித்தார்கள், பாதிக்கப்பட்டவர்கள் எந்தெந்த விமானங்களில் ஊர் திரும்பினார்கள் என்பதையும் சேர்த்து வெளியிட்டார்கள். அதுவரை ரசிகர்கள் சிரித்துக்கொண்டே சொன்ன 'கான் க்ரட்', சிரிக்கிற விஷயம் இல்லை என்று பலருக்கும் அப்போதுதான் புரிந்தது.

நியூயார்க் 2021: பயந்த அளவுக்குப் பரவாதது ஏன்?

இரண்டாவது சம்பவம் இன்னும் முக்கியமானது. 2021 நவம்பர் 19 முதல் 21 வரை நியூயார்க்கின் ஜாவிட்ஸ் மையத்தில் 'அனிமே என்ஒய்சி' விழா நடந்தது. சுமார் 53 ஆயிரம் பேர் கலந்துகொண்டார்கள். மின்னசோட்டா மாநிலத்திலிருந்து வந்து போன ஒருவருக்கு ஒமைக்ரான் தொற்று இருப்பது டிசம்பர் தொடக்கத்தில் தெரியவந்தது. அமெரிக்காவில் உறுதியான முதல் சில ஒமைக்ரான் தொற்றுகளில் அதுவும் ஒன்று. நாடே பதறியது.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் விழாவுக்கு வந்தவர்களைத் தேடி விசாரித்தது. பரிசோதனை முடிவு கிடைத்த 4,560 பேரில் தொற்று உறுதியானது 119 பேருக்கு, அதாவது 2.6 சதவீதம். அரங்கத்துக்குள் பெரிய அளவில் பரவியதற்கான ஆதாரம் கிடைக்கவில்லை. தடுப்பூசி கட்டாயம், மாஸ்க் கட்டாயம், நல்ல காற்று வடிகட்டும் வசதி ஆகிய மூன்றும் உதவியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

அப்படியானால் தொற்றியவர்களுக்கு எங்கே தொற்றியது? அவர்களில் பலர் பார், கரோக்கே, நைட் கிளப் போன்ற இடங்களுக்குப் போனதாகவும், உள்ளரங்கில் மற்றவர்களோடு நெருக்கமாக உட்கார்ந்து சாப்பிட்டதாகவும் சொன்னார்கள். அந்த மின்னசோட்டாக்காரரோடு சேர்ந்து சுற்றிய நண்பர் குழுவில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தொற்று வந்தது.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. முதலாவது, அரங்கத்தில் எதிரே போன முகம் தெரியாத ஆளைவிட, ஒரே ரூமில் படுத்து ஒரே தட்டில் பிரியாணி சாப்பிட்ட நண்பருக்குத்தான் ஆபத்து அதிகம். இரண்டாவது, அந்த நபருக்கு அறிகுறியே விழா முடிந்த மறுநாள்தான் தொடங்கியது. 'எனக்கு ஒண்ணும் இல்லையே' என்று நினைக்கும்போதே நாம் பரப்பிக்கொண்டிருக்கலாம். இன்ஃப்ளூயன்ஸாவிலும் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே கிருமி பரவத் தொடங்கும். பிறகு 5 முதல் 7 நாள் வரை அது தொடரும்.

சரி, கிளம்பும் நேரத்தில் உடம்பு சரியில்லை. போகலாமா?

எல்லா தும்மலுக்கும் டிக்கெட்டைக் கிழித்துப் போட வேண்டாம். ஆனால் கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் பயணம் வேண்டாம்:

* தெர்மாமீட்டரில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல்
* குளிர் நடுக்கம், உடம்பு முழுக்க வலி, எழுந்து நடக்கவே முடியாத அசதி
* புதிதாகத் தொடங்கிய கடும் இருமல், மூச்சு வாங்குதல்
* வாந்தி, வயிற்றுப்போக்கு
* காய்ச்சலோடு உடம்பில் தடிப்பு அல்லது கொப்புளம்
* கொரோனா அல்லது ஃப்ளூ பரிசோதனையில் பாசிட்டிவ்

கடைசி இரண்டுக்கு முன்னே பின்னே யோசிக்கவே வேண்டாம். தட்டம்மை வைரஸ், நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் 2 மணி நேரம் வரை காற்றில் இருக்கும்.

வருஷா வருஷம் தூசி பட்டால் வரும் தும்மல், கண் அரிப்பு, காய்ச்சல் இல்லாத மூக்கொழுகல் என்றால் அது அலர்ஜியாக இருக்கலாம். வழக்கமான மருந்தோடு போகலாம். காய்ச்சல் இல்லை, லேசான தொண்டை வலி மட்டும்தான் என்றால் அது நடுவில் நிற்கும் கேஸ். அன்றைக்கே தொடங்கியது என்றால் அடுத்த நாள் எப்படி மாறும் என்று சொல்ல முடியாது. கொரோனா வீட்டுப் பரிசோதனைக் கிட் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும், ஒன்று செய்து பார்க்கலாம். முடிந்தால் சனிக்கிழமையை விட்டுவிட்டு ஞாயிறு மட்டும் போகலாம். போவதென்றால் என்95 மாஸ்க் கழற்றவே கூடாது.

ஏற்கெனவே காய்ச்சல் வந்து சரியாகிக்கொண்டிருப்பவர்களுக்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் எளிமையான ஒரு கணக்கு வைத்திருக்கிறது. காய்ச்சல் மாத்திரை போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும், மற்ற தொந்தரவுகளும் குறைந்திருக்க வேண்டும். அதன் பிறகும் 5 நாள் மாஸ்க், கை சுத்தம், கூட்டத்தில் கவனம் தேவை.

மாத்திரை போட்டால் போதாதா?

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். பாரசிட்டமால் காய்ச்சலைக் குறைக்கும். வைரஸைக் கொல்லாது, அது பரவுவதையும் நிறுத்தாது. நுழைவாயிலில் வெப்பமானி வைத்தால் 'நார்மல்' என்று காட்டும், ஆனால் பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து அப்படியேதான் இருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மெடிக்கல் ஷாப்பில் 'சளிக்கு ஒண்ணு குடுங்க' என்று வாங்கும் பல மாத்திரைகளில் ஏற்கெனவே பாரசிட்டமால் கலந்திருக்கும். அதையும் போட்டு, தனியாக பாரசிட்டமாலும் போட்டால் அளவு இரட்டிப்பாகும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கே 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்ச வரம்பு. அதைத் தாண்டினால் கல்லீரலைப் பாதிக்கும். அட்டையின் பின்பக்கத்தை ஒரு தடவை படிப்பது நல்லது. ஆன்டிபயாட்டிக்கை நீங்களாகவே வாங்கிப் போடுவதிலும் பலன் இல்லை, வைரஸ் காய்ச்சலுக்கு அது வேலை செய்யாது.

சென்னை, பெங்களூரு மாதிரி ஊர்களில் காய்ச்சல் என்றால் டெங்குவையும் மறக்கக் கூடாது. டெங்கு இருமலால் பரவாது, கொசு மூலம்தான் பரவும். ஆனால் டெங்கு இருக்குமோ என்ற சந்தேகம் இருக்கும்வரை ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வகை வலி மாத்திரைகளைத் தொடக் கூடாது, ரத்தக் கசிவு ஆபத்து உண்டு. டெங்குவில் காய்ச்சல் இறங்கியதும் 'சரியாயிடுச்சு' என்று கிளம்புவதுதான் பெரிய தவறு. கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறு அல்லது மூக்கில் ரத்தம் போன்ற அபாய அறிகுறிகள் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் அந்த நேரத்தில்தான் வரும்.

"கொடுத்த காசு வீணாயிடுமே..."

நியாயமான கவலைதான். கல்லூரி மாணவர் ஒருவர் பாக்கெட் மணியைச் சேர்த்து வாங்கிய டிக்கெட் அது. ஆனால் கணக்கை இப்படியும் போட்டுப் பார்க்கலாம். போகாவிட்டால் போவது டிக்கெட் காசு. காய்ச்சலோடு போனால் டிக்கெட் காசும் போகும், விழாவையும் அனுபவிக்க முடியாது. அதற்கு மேல் வெளியூரில் டாக்டர் செலவு, மருந்துச் செலவு, திரும்பி வந்து வகுப்புக்கோ வேலைக்கோ போட வேண்டிய லீவு எல்லாம் சேரும். செலவான காசு எந்த முடிவு எடுத்தாலும் திரும்பி வராது. இனி ஆகப்போகும் செலவைத்தான் நம்மால் தடுக்க முடியும்.

இழப்பைக் குறைக்கச் சில வழிகள் இருக்கின்றன:

ரயில் டிக்கெட்: எவ்வளவு சீக்கிரம் ரத்து செய்கிறோமோ அவ்வளவு குறைவாகப் பிடித்தம் செய்வார்கள். 'காலையில பார்த்துக்கலாம்' என்று தள்ளிப் போட்டால், கடைசி நேரத்தில் ஒன்றும் திரும்பக் கிடைக்காது. உறுதியான டிக்கெட்டை அப்பா, அம்மா, அண்ணன், தங்கை, கணவன், மனைவி, பிள்ளைகள் போன்ற நெருங்கிய குடும்பத்தினர் பெயருக்கு மாற்றவும் ரயில்வேயில் வழி உண்டு. ரயில் புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பே முன்பதிவு மையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். நண்பர் பெயருக்கு இப்படி மாற்ற முடியாது.

ஹோட்டல்: 'இலவச ரத்து' வசதியோடு புக் செய்தால் கொஞ்சம் வாடகை கூடினாலும் பின்னால் கை கொடுக்கும். அந்த வசதி இல்லாவிட்டாலும் நேரடியாகப் போன் செய்து தேதி மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம். சில இடங்களில் ஒத்துக்கொள்வார்கள்.

விழா டிக்கெட்: எங்கே வாங்கினீர்களோ அங்கே உள்ள விதிமுறையைப் பார்க்க வேண்டும். பெயர் மாற்ற அனுமதி இருந்தால் நண்பருக்குக் கொடுக்கலாம். பொருட்கள், கையெழுத்துப் பிரதி வேண்டும் என்றால் போகிற நண்பரிடம் பட்டியலைக் கொடுத்து அனுப்பலாம். வீடியோ காலில் ஸ்டால் ஸ்டாலாகச் சுற்றிக் காட்டச் சொன்னால் மறுக்கும் நண்பர் யாரும் இருக்க மாட்டார்.

நம்மால் பாதிக்கப்படுவது யார்?

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஓவியரை யாரும் நினைப்பதில்லை. சொந்தமாகப் புத்தகம் அச்சடித்து, ஸ்டாலுக்கு வாடகை கட்டி, இரண்டு நாளும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பவர் அவர். வரும் ஒவ்வொருவரும் அவருக்கு ஒரு முழம் தூரத்தில் குனிந்து பேசுகிறார்கள். அவர் படுத்துவிட்டால் அடுத்த வார வேலையும் வருமானமும் போச்சு.

கூட்டத்தில் ஆஸ்துமா உள்ள சிறுவன் இருப்பான், கர்ப்பிணி இருப்பார், பேரனைக் கூட்டி வந்த தாத்தா இருப்பார், புற்றுநோய் சிகிச்சை முடித்து முதல் முறையாக வெளியே வந்த ரசிகை இருப்பார். பார்த்தால் தெரியாது. பருவகால ஃப்ளூ தொடர்பான சுவாசப் பாதிப்பால் ஆண்டுக்கு 2.9 லட்சம் முதல் 6.5 லட்சம் பேர் வரை இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நமக்கு மூன்று நாள் காய்ச்சல், இன்னொருவருக்கு அது ஐசியு ஆகலாம்.

போய்ச் சேர்ந்த பிறகு காய்ச்சல் வந்தால்?

இதுதான் அடிக்கடி நடப்பது. சனிக்கிழமை நன்றாக இருந்தவருக்கு ஞாயிறு காலை எழவே முடியாது. பதற வேண்டாம், ஆனால் அரங்கத்துக்குப் போக வேண்டாம்.

1. முதலில் ரூமில் இருக்கும் நண்பர்களிடம் சொல்லுங்கள். மறைத்தால் அவர்களுக்கும் சேர்த்து வரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஏசியை நிறுத்திவிட்டு ஃபேன் போடுங்கள், மாஸ்க் போடுங்கள். முடிந்தால் தனி ரூம், இல்லாவிட்டால் தனிப் படுக்கை. தண்ணீர் பாட்டில், டவல், தட்டு எல்லாம் தனி.

2. தண்ணீர், இளநீர், கஞ்சி, ஓஆர்எஸ் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓஆர்எஸ் பொடியை பாக்கெட்டில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் முழுதாகக் கலக்க வேண்டும். கண்ணளவில் பாதி கலக்கக் கூடாது.

3. எப்போது காய்ச்சல் தொடங்கியது, எந்த மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டது என்பதை மொபைலில் குறித்து வையுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். மொழி தெரியாத ஊரில் இந்தக் குறிப்பு பெரிய உதவி.

4. சர்க்கரை நோய், ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் காத்திருக்க வேண்டாம், அன்றே டாக்டரைப் பாருங்கள். ஃப்ளூவுக்கான வைரஸ் எதிர்ப்பு மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

5. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு, உதடு நீலமாதல், நிற்காத வாந்தி, ரத்தக் கசிவு, சிறுநீரே வராமல் இருத்தல். இதில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. தமிழ்நாட்டிலும் கர்நாடகாவிலும் ஆம்புலன்ஸ் எண் 108தான். ரயிலில் இருக்கும்போது என்றால் 139-க்கு அழைக்கலாம், டிக்கெட் பரிசோதகரிடமும் சொல்லலாம். அடுத்த பெரிய நிலையத்தில் டாக்டரை வரச் சொல்வார்கள்.

6. அரங்கத்துக்குள் இருக்கும்போதே மயக்கம் வந்தால், பக்கத்தில் இருக்கும் தன்னார்வலரிடம் முதலுதவி மையம் எங்கே என்று கேளுங்கள். காஸ்ப்ளே தலைக்கவசத்தையும் கவசத்தையும் உடனே கழற்ற வேண்டும். உள்ளே தேங்கும் வெப்பத்தாலேயே மயக்கம் வரும்.

திரும்பும் ரயிலை ஒரு நாள் தள்ளிப் போட முடிந்தால் நல்லது. விமானம் என்றால் இன்னொரு தொல்லை. மூக்கடைப்போடு பறந்தால், இறங்கும்போது காது அடைத்து கடுமையாக வலிக்கும்.

காஸ்ப்ளே முகமூடி போட்டிருந்தால் மாஸ்க் தேவையில்லையா?

தேவை. ஸ்பைடர்மேன் துணி முகமூடியும் ஃபோம் ஹெல்மெட்டும் கிருமியை வடிகட்டாது. உள்ளே என்95 அல்லது சர்ஜிக்கல் மாஸ்க் போட்டு, மேலே கதாபாத்திர முகமூடியைப் போடலாம். மூச்சு முட்டினால் கதாபாத்திரத்தை மாற்றுங்கள். நிஞ்ஜா கதாபாத்திரங்கள் பலவற்றுக்கு முகத்தை மூடிய துணிதானே அடையாளம்!

நன்றாக இருப்பவர்கள் வராமல் தடுப்பது எப்படி?

வெளிநாட்டு ரசிகர்கள் மத்தியில் '5-2-1' என்று ஒரு விதி பிரபலம். தினமும் குறைந்தது 5 மணி நேரத் தூக்கம், 2 வேளை உருப்படியான சாப்பாடு, 1 குளியல். குளியல் மற்றவர்களுக்காக என்று கிண்டலாகச் சொல்வார்கள்! 5 மணி நேரம் என்பது அடிமட்ட அளவுதான். மேலே சொன்ன ஆய்வுப்படி பார்த்தால் 7 மணி நேரம் தூங்குவது நல்லது.

* ஃப்ளூ தடுப்பூசி போடுவதென்றால் 2 வாரம் முன்பே போட வேண்டும். பாதுகாப்பு உருவாக அவ்வளவு நாள் ஆகும்.
* சாப்பிடும் முன் சோப்பு போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். நோரோவைரஸுக்கு சானிடைசர் அவ்வளவாக வேலை செய்யாது, சோப்புதான் சரி.
* ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை வெளியே காற்றாட நடந்து வாருங்கள்.
* தண்ணீர் பாட்டில், வாழைப்பழம், கடலை மிட்டாய் பையில் இருக்கட்டும். உணவு வாங்க நீளமான வரிசையில் நிற்பதும் மிச்சம்.
* கைகுலுக்கலுக்குப் பதில் வணக்கம் சொல்லுங்கள். படம் எடுக்கும்போது தோள் மேல் கை போடும் முன் கேளுங்கள்.

திரும்பி வந்த பிறகு என்ன செய்வது?

ஃப்ளூ வெளியே தெரிய 1 முதல் 4 நாள் ஆகலாம். அதனால் வீட்டுக்கு வந்த முதல் சில நாள்தான் முக்கியம். வீட்டில் பாட்டி, தாத்தா, கைக்குழந்தை இருந்தால் அந்த நாட்களில் அவர்கள் பக்கத்தில் மாஸ்க்கோடு இருங்கள், தனியாகப் படுங்கள். காய்ச்சல் வந்தால் கூடப் போன நண்பர்கள் குரூப்பில் ஒரு வரி போடுங்கள். சியாட்டிலில் ஏற்பாட்டாளர்கள் செய்ததும் அதுதான். சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை. அந்த ஒரு வரியைப் பார்த்து இன்னொரு நண்பர் தன் அம்மாவைத் தள்ளி உட்காரச் சொன்னால், அதுவே போதும்.

சுருக்கமாக...

காய்ச்சல், வாந்தி, கடும் இருமல் இருந்தால் பயணம் வேண்டாம். மாத்திரை காய்ச்சலை மறைக்கும், தொற்றை மறைக்காது. ரத்து செய்வதென்றால் சீக்கிரம் செய்யுங்கள். போன இடத்தில் வந்தால் நண்பர்களிடம் மறைக்காமல் சொல்லி ரூமிலேயே ஓய்வெடுங்கள், அபாய அறிகுறி இருந்தால் 108. காமிக் கான் அடுத்த வருஷமும் வரும். அந்தக் கவசமும் பையில் பத்திரமாக இருக்கும்.

(இது பொதுவான தகவலுக்காக எழுதப்பட்டது. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற சிகிச்சைக்கு மருத்துவரை அணுகவும்.)